இணைப்பு: பார்வையாளர் பட்டியல்

முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கடிதங்களுக்கு நடுவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எந்த மேசையில் எவ்வளவு நாள் உறங்கும், எப்படி எழுதினால் பதில் வரும், எப்படி எழுதினால் வரவே வராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போதும் பெயர் திருத்தவும் பிறந்த தேதி மாற்றவும் ஊரில் ஆட்கள் வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். கேட்டதற்கு மேல் ஒரு தாளைக்கூட இணைக்க விடமாட்டேன். அனுபவம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். என் கையால் எழுதிய முதல் அரசாங்க விண்ணப்பத்தில், யாரும் கேட்காத ஒரு தாளை நான் இணைத்தேன். அதில் ஒரு வாத்தியாருடைய வேலை போயிற்று, வலது கை போயிற்று. அதை இதுவரை எந்தப் படிவத்திலும் நான் எழுதியதில்லை.

எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருந்த எங்கள் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று டெல்லிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. போலீசுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்கள் ஊர்ப் பகுதிக் கச்சேரியில் குமாஸ்தா. நிலவரியும் வீட்டுக் கணக்கும் அங்கேதான். கையெழுத்தோ கைநாட்டோ இல்லாத காகிதம் வெறும் காகிதம் என்பதை எனக்கு எழுத்துப் பழக்கும்போதே அவர் பழக்கிவிட்டார்.

அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு ஒரு சினிமா காமிரா வந்தது. வெளிநாட்டு உதவியில் வந்தது. பதினாறு மில்லிமீட்டர். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த ஒரு விரிவுரையாளர். அவர் எங்களில் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாணவர்களே ஒரு படம் எடுப்பது என்று ஆரம்பித்தார். சுகாதார இலாகா உதவ ஒப்புக்கொண்டது. படத்தின் கதாநாயகன் கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடந்தால் பாதம் வழியாக உள்ளே போய் ரத்தத்தைக் குடிக்கும் அந்தப் புழு, எங்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களில் எல்லைப் பிரச்சினை எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் வாழ்ந்துகொண்டிருந்தது.

"யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியாமல் காமிராவைத் திறக்கக்கூடாது" என்றார் விரிவுரையாளர். அந்தக் காலத்தில் யாரும் சொல்லாத பேச்சு அது. படம் பார்ப்பவன் யார், இதற்கு முன் படம் பார்த்திருக்கிறானா, எழுதப் படிக்கத் தெரியுமா, எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருவான், எந்த மொழியில் சொன்னால் அவனுக்கு ஏறும்: இதையெல்லாம் முதலில் வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். ஒரே ஒரு மொழியில்தான் ஒலிப்பதிவு செய்ய முடியும் என்று இலாகா சொல்லியிருந்தது. எந்த மொழி என்பதை ஆய்வு சொல்லட்டும் என்றார் அவர். துப்பாக்கிச் சூடு நடந்த ஊருக்கு அடுத்த ஊரில் போய், நீ வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று எழுதி வாங்க வேண்டும் என்பதில் அவருக்கு எந்த விகற்பமும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தின் கீழே கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் ஒரு கட்டம் போட்டது நான்தான். விரிவுரையாளர், "இது எதற்கு?" என்று கேட்டார். "அத்தாட்சி சார்" என்றேன். மெச்சிக்கொண்டார்.

என் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பஸ் செலவு மிச்சம்.

முதல் வாரம் என்னோடு வந்தவன் கொல்லத்துக்காரன். அவனுக்குத் தமிழ் வராது. ஒரு வீட்டில் அவன் கேட்டு எழுதினான். அடுத்த நாள் அதே வீட்டில், சரிபார்ப்பதற்காக, நான் கேட்டேன். முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண் என்னிடம் தமிழ் என்றாள். அவனிடம் மலையாளம் என்றிருந்தாள்.

"நேத்து மலையாளம்னு சொன்னியளாமே?"

"நேத்து வந்த பிள்ள மலையாளத்துலல்லா கேட்டான். நீ தமிழ்ல கேக்கிய. வீடு தேடி வந்தவன வாட்டி விடலாமா மக்கா?"

ஊர் முழுக்க இதே கதைதான். கேட்பவன் எந்த மொழியில் கேட்டானோ அந்த மொழிதான் அவர்கள் வீட்டு மொழி. இது ஏமாற்று இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை அது. வந்தவனுடைய மொழியில் பேசாமலிருப்பது அவன் முகத்தில் கதவைச் சாத்துவது போல. எங்கள் படிவங்கள் இதனால் பார்வையாளரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கப் போனவர்கள் யார் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லின.

இந்த முட்டில் நின்றபோதுதான் தமிழ் டிவிஷன் வாத்தியார் வந்தார். ஊரில் மிஷன் சபை நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஒரே கூரையில் மலையாளம் டிவிஷன் பெரிது, தமிழ் டிவிஷன் சிறிது. சிறியதற்கு இவர் ஒருவர்தான் வாத்தியார். முப்பது வயதிருக்கும். வேலை நிரந்தரமாகவில்லை. டிவிஷன் நிலைக்க இருபத்தைந்து பிள்ளைகள் வேண்டும்; அதைவிட ஒரே ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளைகளை மலையாளத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் போனால் டிவிஷன் மூடப்படும், அவரும் வெளியே. அவர் அதை மறைக்கவில்லை. அவருக்கு வேறெதுவும் பேச்சும் இல்லை.

படிவங்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இப்பிடிக் கேட்டா கிட்டாது தம்பி. கோவம் வந்தா எந்தப் பாஷையில ஏசுவீங்கன்னு கேளுங்க. அதுல எவனும் உபசாரம் பாக்க மாட்டான்."

விரிவுரையாளரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மறைமுகக் கேள்வி, அருமை என்றார். பதினோராவதாக அதைச் சேர்த்தோம்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை இன்றும் நினைத்தால் சிரிப்பு வரும். பிறகு அது நின்றுவிடும். மீன் சுமந்து பொழியூரிலிருந்து வரும் ஒரு பெண், ஊரில் எல்லா வாசலையும் அறிந்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆர ஏசுகதுக்கு? வீட்டுக்காரன்னா தமிழு. மீன வெல கேட்டுப் போட்டு வாங்காமப் போறவளுன்னா ரெண்டும். ஒங்க அப்பா இருக்கிய கச்சேரின்னா மலையாளம், அதும் மனசுக்குள்ளயாக்கும்."

தறி வைத்திருந்த ஒரு பெரியவர் வேறு மாதிரி. பாலராமபுரத்துக்கு நெய்து கொடுப்பவர். "படம் போடுவியளா? கூட்டம் கூடுமா?"

"கூடும் தாத்தா."

"கூட்டம் கூடினா துப்பாக்கியால வெடி வைக்கியானுவ. படம் ஓடுமா, நாங்க ஓடணுமா?"

அதற்கப்புறம் கைநாட்டு விஷயம். அதற்கு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கடலாசுல பெருவெரலு வச்சவன் எதயாவது எழந்தவனாக்கும். எங்க அப்பன் வயல எழந்தான்."

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நின்றது. வாத்தியார் ஒவ்வொரு வீட்டுக்கும் எங்களோடு வந்தார். பள்ளி விட்ட பிறகு, சட்டைப் பையில் சுண்ணாம்புத் துண்டோடு. "நான் இருக்கேன்லா. எம் பொறுப்பு" என்பார். ஏசுவது தமிழில் என்றால் படமும் தமிழில் வேண்டும் என்று எழுதச் சொல்லுவார். அவர் அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர்களுக்காகப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். பெருவிரல்கள் ஒவ்வொன்றாக மையில் இறங்கின. தறிக்காரப் பெரியவரும் கடைசியில் வைத்தார். "சாரு சொன்னாருன்னு வைக்கியேன். எனக்கொண்ணும் படம் பாக்கணும்னு இல்ல."

திரும்பி வரும்போது ஒருநாள் வாத்தியார் சொன்னார்: "தம்பி, கவர்மென்று ஒரு படத்த தமிழ்ல எடுத்து இந்த ஊர்ல ஓட்டினா, இங்க தமிழ் உண்டுன்னு கவர்மென்றே எழுதிக் குடுத்த மாதிரியாக்கும். பொறவு எவன் வந்து என் டிவிஷன பூட்டுவான்?"

தர்க்கம் சரிதான். இன்றுவரை அதில் ஒரு பிழையை நான் கண்டுபிடிக்கவில்லை.

தமிழில் படம் வேண்டும் என்று நாற்பத்தொரு பேர் கைநாட்டு வைத்தார்கள். படம் எடுக்கும் முன் வெள்ளோட்டம் ஒன்று வேண்டும் என்று விரிவுரையாளர் விரும்பினார். பழைய சுகாதாரப் படம் ஏதாவதொன்றை அந்த நாற்பத்தொரு பேருக்கும் ஓட்டிக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம். கூட்டம் கூடத் தடை உத்தரவு இருந்தது. எனவே போலீஸ் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் அச்சு மாதிரி. எத்தனை பேர், எந்த இடம், எவ்வளவு நேரம்: இவ்வளவுதான் தேவை. எனக்கு அது போதவில்லை. வருகிறவர்கள் யார் என்று தெரிந்தால் இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வருமே என்று நினைத்தேன். ஒரு முழுத்தாளில் கோடு போட்டு நாற்பத்தொரு பெயர்களையும் எழுதினேன். வீட்டுப் பெயர், வயது, தொழில், மொழி. மொழிக்கான கட்டத்தில் நாற்பத்தொரு முறை "தமிழ்" என்று எழுதினேன். ஒரே சொல் வந்தால் மேற்படி என்று போடலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அழகுக்காக முழுதாக எழுதினேன். நான் அந்தத் தாளில் அவர்களிடம் மறுபடி கைநாட்டு வாங்கினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: மேற்கண்ட பெயர்களைத் திரட்டி உதவியவர், தமிழ் டிவிஷன் ஆசிரியர். உதவி செய்தவருக்கு நன்றி தெரிவிப்பது முறையல்லவா.

விண்ணப்பத்தின் அடியில் "இணைப்பு: பார்வையாளர் பட்டியல்" என்று கோடிட்டேன். விரிவுரையாளர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன்.

பதில் வரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் விரிவுரையாளர் காமிராவோடு ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு பகல் முழுக்கப் படம் பிடித்தார். தமிழ் டிவிஷன் பிள்ளைகள் செம்மண் வரப்பில் வெறுங்காலோடு ஓடி வருவது, கிணற்றடியில் வரிசையாக நின்று கால் கழுவுவது. வாத்தியார் வெள்ளை வேட்டி கட்டி வந்து பிள்ளைகளை வரிசைப்படுத்தினார். ஒவ்வொருவர் தலையையும் வாரிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் போலீஸ் வந்தது. வகுப்பு நடக்கும்போது வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் போனார்கள். நான் திருவனந்தபுரத்தில் இருந்தேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே என்னைப் பிடித்தார்.

"உள்ள வா. சத்தம் போடாத."

நடந்ததை அவர்தான் சொன்னார். பட்டியலைப் போராட்டக்காரர்களுடைய ஆள்கணக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெயர், வீடு, பெருவிரல் எல்லாம் இருக்கிறது; திரட்டியவர் பெயரும் இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான ஆதாரம் அவர்களுக்கு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. வீட்டுப் பெயர்கள் சரியா என்று பார்த்துச் சான்று கொடுக்கக் கச்சேரியிலிருந்து அப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"பாத்தேன். ஒன் எழுத்து" என்றார். "நாற்பத்தொண்ணுக்கும் சரின்னு எழுதிக் குடுத்தேன். வேற ஒண்ணும் சொல்லல்ல. நீயும் ஒண்ணும் சொல்லாண்டாம்."

"அது சினிமாவுக்கு எழுதினதுப்பா."

"எலே, சினிமாவுக்குன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருந்தேன்; விண்ணப்பத்தில். விண்ணப்பமும் இணைப்பும் தனித்தனியாகிவிட்டன என்று அப்பா சொன்னார். தனித்தனியாகும். குண்டூசி துருப்பிடிக்கும் முன்பே ஆகும். பிற்காலத்தில் நானே பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். தறிக்காரப் பெரியவர் போகவில்லை. அவரைப் பிடித்து, அடித்து, மறுநாள் விட்டுவிட்டார்கள். வாத்தியார் வீட்டுக்கு நான் பெரியவர் வீட்டைக் கடந்துதான் போனேன். தறி ஓடவில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வாத்தியாருடைய மனைவி என்னைக் கண்டதும் அழவில்லை. அழுது முடித்திருந்தார். அடுப்படியிலிருந்து வெளியே வந்து, புடவைத் தலைப்பால் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ போய் ஒரு வார்த்த சொன்னா போரும் தம்பி. காலேஜுல இருந்து நாங்க எழுதின கடலாசாக்கும்னு. அவரு சொன்னா நம்ப மாட்டங்கியாவ. ஒன் கையெழுத்தக் காட்டு. ஒப்பு நோக்கட்டு."

"போறேன் அக்கா."

"திங்கக்கிழம கோர்ட்டுல கொண்டு போவாவளாம். அதுக்கு முன்ன போணும்."

நான் நேரே போகவில்லை. முறைப்படி போக நினைத்தேன். அன்றே பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் போய் விரிவுரையாளரைப் பார்த்தேன். கல்லூரித் தலைப்புத்தாளில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றேன். தலைப்புத்தாள் கல்லூரி முதல்வருக்கு உரியது என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல்வருடைய பங்களாவுக்கு இருவரும் போனோம். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி கழித்து விரிவுரையாளர் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். அதில் முதல்வர் எழுதியிருந்தது: இந்த ஆய்வுக்கு என் முன் அனுமதி பெறப்பட்டதா? விரிவுரையாளர் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

"நான் விளக்கம் எழுதவேண்டும்" என்றார் விரிவுரையாளர். அவருக்கு இரண்டு குழந்தைகள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய விளக்கத்தையும் நான்தான் செம்மை செய்து கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பி, போலீஸ் நிலையத்துக்கு நானே போனேன். என் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன், எழுத்தை ஒப்பு நோக்குவதற்கு. படிக்கட்டு ஏறும்வரை சொல்லவேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம். மேசையில் ஏட்டு இருந்தார். தலையைத் தூக்கி, "எந்தா?" என்றார்.

நான் மலையாளத்தில் சொன்னேன்: பகுதிக் கச்சேரிக் குமாஸ்தாவின் மகன், திருவனந்தபுரத்தில் படிக்கிறேன், கல்லூரிப் படத்துக்காக ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தோம், அது என்ன ஆயிற்று என்று கேட்க வந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "குமாஸ்தன்றெ மோனோ? இரிக்கூ" என்று பெஞ்சைக் காட்டினார். சினிமாவெல்லாம் இப்போது நடக்காது மோனே, ஊர் கெட்டுக் கிடக்கிறது என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் முழுத்தாளை எடுத்து என் முன்னே போட்டார். அழகான எழுத்து. "இது ஆரு எழுதியதா? அறியுமோ?"

உள் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. வாத்தியார் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் மடியில் தாங்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையின் விரல்கள் கறுத்து வீங்கி, விரல்களுக்கு உரிய திசையில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். ஏட்டு கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

ஏட்டு மலையாளத்தில் கேட்டார். நான் மலையாளத்தில் பதில் சொன்னேன்.

"அறியில்ல."

வாத்தியார் பார்வையை மாற்றிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு விரல் போதும். அன்றும் செய்யவில்லை, கோர்ட்டிலும் செய்யவில்லை. யார் எழுதியது என்று கேட்டபோதெல்லாம், பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே சொன்னாராம்: திரட்டினது நானாக்கும்.

மறு வாரம் அவர் ஜாமீனில் வந்தார். வழக்கு நிலுவையில் இருப்பவர் மானியப் பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது என்று விதி. பள்ளி நிர்வாகம் தற்காலிக நீக்கக் கடிதம் கொடுத்தது. வாத்தியார் இல்லாத டிவிஷனில் பிள்ளைகள் எவ்வளவு நாள் சும்மா உட்காருவார்கள்? ஒவ்வொருவராக அடுத்த அறைக்குப் போனார்கள். வருடாந்தரத் தணிக்கைக்குப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தபோது தமிழ் டிவிஷனில் பெஞ்சுகள் இருந்தன. பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்த விதியில் இடமில்லை. டிவிஷன் மூடப்பட்டது.

எங்கள் ஆய்வு நிற்கவில்லை. வேறு மாணவர்களை அனுப்பி, வேறு படிவத்தில், கைநாட்டுக் கட்டம் இல்லாமல், மறுபடி எடுத்தார்கள். எந்த மொழியில் கேட்டாலும் எல்லா வீடும் மலையாளம் என்றது. கோபம் வந்தால் எந்த மொழியில் ஏசுவீர்கள் என்றதற்கு, நாங்கள் யாரையும் ஏசுவதில்லை என்றார்களாம். முதல் ஆய்வில் இருந்த முரண்பாடுகள் இதில் முற்றிலும் நீங்கிவிட்டன என்று இலாகா பாராட்டியது. படம் மலையாளத்தில் தயாரானது.

இரண்டு வருடத்தில் ராஜ்யங்கள் பிரிந்தன. எங்கள் கிராமம் கேரளத்தோடு நின்றுவிட்டது. போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும் காற்று வீசத் தொடங்கிய பிறகு, எனக்கு வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு, நான் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். பட்டியலை எழுதியது நான், நோக்கம் சினிமா. பிழையில்லாத வாக்குமூலம். வழக்கு தள்ளுபடியானது. என் வாக்குமூலத்தால் அல்ல. அந்த வாரம் எல்லா வழக்குகளும் தள்ளுபடியாயின.

வாத்தியார் அதற்குள் ஒரு செங்கல் சூளையில் மேற்பார்வைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகியிருந்தார். வேலையைத் திரும்பக் கேட்டு அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கல்வி இலாகாவிலிருந்து பதில் வந்தது: நீக்கம் ரத்து செய்யப்படுகிறது, ஆனால் டிவிஷன் இல்லாததால் பணியிடம் இல்லை, மூடப்பட்ட ஆண்டில் டிவிஷனில் போதிய பிள்ளைகள் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் பரிசீலிக்கலாம். ஆதாரம் வருகைப் பதிவேடு. அது போலீஸ் எடுத்துப் போனது. தேடியதில் கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுத்துமூலம் தெரிவித்தார்கள்.

அந்த மாதத்தில்தான் சுகாதார இலாகா வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. பள்ளி ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் படத்தை ஓட்டினார்கள். கூட்டம் கொஞ்சம்தான். தறிக்காரப் பெரியவர் வரவில்லை. வாத்தியார் வந்து கதவோரம் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், கிட்டே போகவில்லை. கால் மணி நேரத்தில் படம் முடிந்தது. வெளிச்சம் வந்தபோது அவர் இல்லை.

மறுநாள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் என்னைத் தேடி வந்தார். அவசரமாக நடந்து வந்தவர் போல மூச்சு வாங்கினார்.

"மக்கா, படத்துல எம் பிள்ளைங்க உண்டு."

"பாத்தேன் சாரே."

"கெணத்தடியில நிக்கியாவ. ரெண்டு தடவ பாத்து எண்ணினேன். வண்டிக்காரன் நல்லவன், சாயங்காலம் எனக்குன்னு ஒருக்கா ஓட்டிக் காட்டினான். இருபத்தாறும் உண்டு. ஒண்ணும் கொறயல்ல. நானும் உண்டு, ஓரத்துல, முதுகு தெரியும்." இடது கையால் சட்டைப் பையிலிருந்து கல்வி இலாகா பதிலை எடுத்து மேசையில் விரித்தார். "ஆதாரம் கேக்கியாவல்லா? இது கவர்மென்று படம். அவனே எடுத்தது. அவனுக்கே காட்டினா போராதா?"

டீக்கடைக்காரர் எங்களைப் பார்க்காதது போலக் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு விதி தெரியும். படத்தில் எந்தப் பிள்ளை எந்த டிவிஷன் என்று எழுதியிருக்கவில்லை. எந்த வருடம் என்று இல்லை. பொறுப்பான அதிகாரியின் கையெழுத்து இல்லை. ஒலி மலையாளத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் காட்டும்போது ஒலிக்கும் குரல், நம் மலையாளக் குழந்தைகள் என்று ஆரம்பிக்கிறது.

"சாரே, சினிமாவ ஆதாரமா எடுக்க மாட்டாவ. விதி இல்ல."

அவர் கடிதத்தை மடிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எடுக்க மாட்டேன்னு அவன் சொல்லட்டு" என்றார். "நீ சொல்லாண்டாம். நீ எழுது."

டீக்கடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். கல்வி இலாகா அதைச் சுகாதார இலாகாவுக்கு அனுப்பியது. ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாத்தியார் அந்தச் சமயம் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குத் தெற்கே போயிருந்ததால், மனு எழுதியவன் என்ற முறையில் கடிதம் என் விலாசத்துக்கு வந்தது. மேற்படி படம் உங்கள் கிராமத்தில் ஏற்கெனவே ஒருமுறை காட்டப்பட்டுள்ளது. மறுபடி காட்ட இயலாது. படம் காட்டச் சொல்லிக் கேட்கும் மனு என்று புரிந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோனேன். அங்கேயும் சூளை வேலைதான்; அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி கதவருகில் நின்று உறையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்தது ஆங்கிலம். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு தம்பி? ஆச்சா?"

"பரிசீலனையில உண்டு அக்கா" என்றேன்.

அவர் தலையாட்டி, உறையைப் பத்திரமாக வேதப்புத்தகத்துக்குள் வைக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருமுன் நான் ரோட்டுக்கு இறங்கிவிட்டேன்.